மணலைக் கல்லாக்குவது பாரம் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் பாறை வகைகளைப் பற்றி வெளியான சிறு கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்கு விளங்கும்படி எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆயினும் படிவுப் பாறை உருவாகும் விதத்தைச் சொல்ல வந்த இடத்தில், மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே சேரும் பாரத்தால் இறுகிக் கல்லாகின்றன என்பதோடு விளக்கம் நின்றுவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. விடைத்தாள் விடைத்தாளாக அதைப் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். போடும்போதெல்லாம் மனம் உறுத்தியும் இருக்கிறது. அது பாதிக் கதை. விட்டுப்போன மறுபாதி முழுக்க முழுக்க வேதியியல். அந்த மறுபாதிக்கான சான்று வடசென்னையிலிருந்து ஒரு காலைப் பொழுதில் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காசிமேட்டுக் கடற்கரையிலோ திருவொற்றியூரிலோ ஒரு கைப்பிடி உலர்ந்த மணலை அள்ளி, எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிப் பாருங்கள். விரலைத் திறந்ததும் அது உதிர்ந்துவிடும். புதிதாகப் படிந்த மணலின் கன அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடம். கோயில் வாசல் கடையில் எலுமிச்சம்பழங்களை அடுக்குவதைப் போல ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், நூற்றில் 26 பங்கு இடம் காலியாகவே இருக்கும் என்பது கணக்கு. மேலே பாரம் ஏற ஏற மணிகள் நகர்ந்து நெருங்கும், மென்மையானவை நசுங்கி வளையும், இடைவெளி சுருங்கும்; ஆனால் ஒரு மணியை அடுத்த மணியோடு பிணைக்கும் பசை பாரத்திலிருந்து வருவதில்லை. மணிகளுக்கு இடையே ஊறி நிற்கும் நீரில் கரைந்திருக்கும் கனிமம், அங்கேயே படிகமாகி இடைவெளியை அடைக்கும்போதுதான் மணல் மணற்பாறையாகிறது. அந்தப் பசை சில இடங்களில் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம், சில இடங்களில் இரும்பு ஆக்சைடு, மிக உறுதியான பாறைகளில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா.

இந்தச் சிலிக்காப் பசையைப் பற்றி வகுப்பில் நான் போடச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் குவார்ட்ஸ் ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவே கரையும். ஒரு லிட்டர் இடைவெளியை முழுவதும் குவார்ட்ஸால் நிரப்ப 2,650 கிராம் வேண்டும். ஆகவே கரைந்திருக்கும் சிலிக்கா ஒரு துளியும் வீணாகாமல் அங்கேயே படிந்தாலும்கூட, அந்த ஒரு லிட்டர் இடத்தின் வழியாக 2,65,000 லிட்டர் நீர் ஓடியிருக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் புதைந்து கிடக்கும் மணலுக்குள் அவ்வளவு நீர் எங்கிருந்து வரும்? மாணவர்களைச் சிறிது நேரம் திகைக்கவிட்டு, விடையைப் பாறைக்கு உள்ளேயே தேடச் சொல்வேன். பசைக்கு வேண்டிய சரக்கின் பெரும்பகுதியைப் பாறை தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மணிகள் ஒன்றோடொன்று அழுந்தும் முனைகளில் குவார்ட்ஸ் கரைந்து, அழுத்தம் குறைந்த பக்கத்தில் மீண்டும் படிகிறது. அருகிலிருக்கும் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமமும் களிமண்ணும் உருமாறும்போது சிலிக்காவை வெளிவிடுகின்றன. எந்தப் பாறையில் இது எவ்வளவு நடக்கும் என்பதை அந்த மணல் எங்கே, எப்படி, எவ்வளவு விரைவாகப் புதைந்தது என்பதே தீர்மானிக்கிறது. அதனால்தான் பிறப்பையும் வேதி மாற்றத்தையும் தனித்தனிப் பாடமாக நடத்த முடியாது என்கிறேன்.

நம் பக்கத்துப் பாறைகளின் பிறப்பு ஒரு பிளவில் தொடங்கியது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின. நிலம் இழுபட்டு மெலியும்போது புவியின் மேலோடு செங்குத்தான பிளவுகளாக உடைந்து, சில துண்டுகள் கீழே இறங்கும், சில மேலேயே நிற்கும். இறங்கிய பள்ளங்களே பிளவுப் படுகைகள். காவிரிப் படுகை, கிருஷ்ணா கோதாவரிப் படுகை, இவ்விரண்டுக்கும் இடையே நம் பாலாற்றுப் படுகை ஆகியவை அவ்வாறு பிறந்தவை. ஸ்ரீபெரும்புதூர், ஆவடி, பூண்டி, சத்தியவேடு வட்டாரங்களில் தலைகாட்டும் களிப்பாறைகளும் மணற்பாறைகளும் கூழாங்கல் பாறைகளும் அந்தப் பள்ளத்தை நிரப்பிய சரக்கு. ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறையில் நிலத்துச் செடிகளின் இலைத் தடங்களும் இருக்கின்றன, கடல் உயிரிகளின் எச்சங்களும் இருக்கின்றன. அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்து போயிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இத்தகைய படுகைகள் இரண்டு கட்டமாகத் தாழ்கின்றன என்பதை 1978-இல் புவி இயற்பியலாளர் டான் மெக்கன்சி தெளிவாக வகுத்துக் காட்டினார். மேலோடு இழுபட்டு மெலியும் காலத்தில் பள்ளம் விரைவாக இறங்குகிறது. இழுபடுவது நின்ற பிறகு, கீழிருந்து மேலெழுந்த வெப்பம் மெல்ல ஆறும்போது தரை மேலும் பல கோடி ஆண்டுகள் நிதானமாகத் தாழ்கிறது. முதற்கட்டத்தில் மலைக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு தேய்ந்து, மெலிந்தவையெல்லாம் அழிந்து, குவார்ட்ஸ் மட்டுமே மிஞ்சும் கடற்கரை மணலைப் போலன்றி, இங்கே உடைந்த மலையின் துண்டுகள் உடைந்த கையோடு பள்ளத்தில் கொட்டப்படுகின்றன. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் தெரியும் சார்னோகைட் என்னும் கடினமான பாறையும் அதைச் சார்ந்த பழைய பாறைகளும் ஃபெல்ஸ்பார் நிறைந்தவை. நெடுந்தூரம் பயணித்திருந்தால் வழியிலேயே அழிந்திருக்கக்கூடிய அந்த ஃபெல்ஸ்பார், பிளவுப் படுகையில் ஏறக்குறைய முழு உருவோடு புதைந்துவிடுகிறது. வெளியே நடக்க வேண்டிய வேதிவினை அதனால் நிலத்துக்கு அடியில் நடக்கிறது.

அது என்ன வினை? கார்பன் டை ஆக்சைடோ மட்கும் தாவரங்களின் அமிலங்களோ கலந்த நீர் ஃபெல்ஸ்பாரைத் தொட்டால், அது கயோலின் என்னும் வெண்களிமண்ணாக மாறுகிறது. இரண்டு பங்கு பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் அழிந்தால் ஒரு பங்கு கயோலினும் நான்கு பங்கு சிலிக்காவும் மிஞ்சும். பொட்டாசியம் நீரில் கலக்கும். அந்தச் சிலிக்கா பக்கத்து மணியின் மேல் பசையாகப் படியலாம். பொட்டாசியமும் வீணாவதில்லை. பள்ளத்தில் நிரம்பிய களிமண்ணில் ஸ்மெக்டைட் என்றொரு வகை உண்டு. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலில் இருப்பது இதுவே. ஆழத்தில் வெப்பம் 60 அல்லது 70 பாகையைத் தாண்டியதும் அது மெல்ல மெல்லப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த நீரையும் சிலிக்காவையும் இரும்பையும் வெளியே விட்டு, இல்லைட் என்னும் உப்பாத களிமண்ணாக மாறுகிறது. ஒரு கனிமம் கழிக்கும் பொருள் இன்னொன்றுக்கு உணவாகும் இந்த ஒழுங்கைக் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரைந்து காட்டும்போது, பாடத்தில் அவ்வளவாக நாட்டமில்லாத பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். சாதாரண இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறும். மேலோடு மெலிந்திருக்கும் பிளவுப் படுகையில், அது உயிரோடு இழுபடும் காலத்தில், இன்னும் விரைவாக ஏறும். அதனால் இந்த வினைகள் அங்கே குறைந்த ஆழத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அதே வெப்பம்தான் களிப்பாறையில் சிக்கிய பாசியையும் செடிகொடிகளையும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் வேக வைக்கிறது. காவிரிப் படுகையின் நரிமணம் எண்ணெய்க்கு ஊற்றாகச் சொல்லப்படுவது அந்தப் பிளவுக் காலத்து ஆண்டிமடம் படிவுகளும் அவற்றை அடுத்த சத்தப்பாடி களிப்பாறையும். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு, எண்ணெய் பிறக்கும் வெப்பமும் மணல் கல்லாகும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதோடு, எண்ணெய் முதிரும்போது வெளியாகும் அமிலங்களும் கார்பன் டை ஆக்சைடும் முன்பு படிந்த கால்சைட்டையும் எஞ்சிய ஃபெல்ஸ்பாரையும் கரைத்துப் பாறைக்குள் மீண்டும் வெற்றிடங்களை உண்டாக்கக்கூடும். அடைபட்ட இடம் திறப்பதும் திறந்த இடம் அடைபடுவதுமாக அந்த வரலாறு நீளுகிறது.

எல்லாப் பிளவுப் படுகையும் ஒரே மாதிரி இராது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றும் பிளந்துகொண்டிருக்கும் நிலத்தில், கென்யாவின் மகாடி ஏரி எரிமலைப் பாறைகளைக் கழுவிவரும் நீரைத் தேக்கி, வெளியேற வழியின்றி வற்றவைத்துச் சோடா உப்பாகப் படியவைக்கிறது. அத்தகைய காரநீரில் சிலிக்கா ஏராளமாகக் கரையும். மகாடியைட் என்ற சோடியம் சிலிக்கேட்டாகப் படிந்து, பின்னர் சோடியத்தை இழந்து செர்ட் என்னும் கடினமான கல்லாகும். பிரேசிலின் கடற்கரைக்கு அப்பால், உப்புப் படலத்துக்கு அடியில், 2006-இல் கண்டறியப்பட்ட பெரும் எண்ணெய் வயல், தென் அட்லாண்டிக் பிளந்த காலத்து ஏரிகளில் படிந்த சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. ஏரி நீரின் வேதியியல் மாறினால் பிற்காலத்துப் பாறையே மாறிவிடுகிறது.

இவ்வளவும் ஆழத்தில் நடப்பவை. முதற்படியை மட்டும் நாம் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் உணரலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாற்றின் கரையோரச் சேற்றை ஒரு சாண் தோண்டினால் மேலே பழுப்பாகவும் கீழே கறுப்பாகவும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். எண்ணூரில் கழிவுநீரின் பங்கும் சாம்பலின் பங்கும் உண்டு என்பதை மறைக்க முடியாது. ஆனால் கழிவு கலக்காத அலையாத்திச் சேற்றிலும் இந்த நாற்றம் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகி, நாளடைவில் பைரைட் என்னும் பொன்னிறக் கனிமமாகிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், காவிரிப் படுகையின் பழைய கடற்சேறு களிப்பாறையாகி வெளியே தெரியும் இடத்தில், விரிசல்தோறும் ஜிப்சம் பளபளப்பதைப் பார்க்கலாம். முன்னொரு காலத்தில் சேற்றில் உண்டான பைரைட் காற்றுப்பட்டு அமிலமாகி, அந்த அமிலம் சிப்பிகளின் சுண்ணாம்பைக் கரைத்து ஜிப்சமாக்கியது. எண்ணூரின் நாற்றத்துக்கும் காரையின் பளபளப்புக்கும் இடையே ஏறத்தாழ 10 கோடி ஆண்டு இடைவெளி, வேதியியல் ஒன்றே.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் கல்லுக்கு வருகிறேன். பூண்டி ஏரிக்கு அருகே அல்லிக்குழி மலையில் கூழாங்கற்கள் அடுக்கடுக்காகப் பதிந்த பாறை உண்டு. அந்தக் கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட். அவை கடப்பைப் படுகையின் மலைகளிலிருந்து உடைந்து வந்தவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. (நம் சமையலறை மேடையில் போடும் கறுத்த கடப்பாக் கல்லும் அந்தப் படுகையின் சுண்ணாம்புப் பாறைதான், புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அதில் வெளிறிய தடம் விழுவதை எல்லாரும் பார்த்திருப்போம்.) அந்த குவார்ட்சைட் முதலில் வெறும் மணலாக இருந்து, சிலிக்காப் பசை கடைசி இடைவெளி வரை நிரம்பிக் கல்லானது. பிறகு உடைந்து, ஆற்றில் உருண்டு, இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்த பள்ளத்தில் கூழாங்கல்லாக விழுந்து, இரும்புப் பசையால் மறுபடியும் பாறைக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு முறை பாறையான கல் அது. அந்தப் பாறையும் சிதைந்து கூழாங்கற்கள் வெளியே உதிர்ந்தபோது, அவற்றை எடுத்து உடைத்துக் கருவி செய்தவர்கள் அத்திரம்பாக்கத்து ஆதி மனிதர்கள். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டறிந்த அந்த இடத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அகழ்வாய்வுக் குழியின் அடித்தளமாக இருப்பதும் அதே பிளவுக் காலத்து ஆவடிக் களிப்பாறையே.

அவர்கள் ஏன் அந்தக் கல்லைத் தேர்ந்தார்கள் என்பதற்கும் பசையிலேயே விடை இருக்கிறது. சாதாரண மணற்பாறையை உடைத்தால் பிளவு மணிகளைச் சுற்றிச்சுற்றிப் போகும். முகம் சொரசொரப்பாக இருக்கும், விளிம்பு உதிரும். குவார்ட்சைட்டில் பசையும் மணியும் ஒரே உறுதி கொண்டவை. ஆகவே பிளவு மணிகளை ஊடறுத்துக்கொண்டு நேராகப் போகும். கூரான விளிம்பு கிடைக்கும். மலிவான கைலென்ஸ் ஒன்றிருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிடலாம். நான் அழைத்துப் போன மாணவர்களிடம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொடுத்து, அல்லிக்குழித் துண்டில் ஒரு சொட்டும் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டுமாக விடச் சொல்வேன். முதலாவது வாளாவிருக்கும், இரண்டாவது நுரைக்கும். பசைக்குப் பசை வேறு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

செங்குன்றத்துச் செம்புராங்கல்லையும் இந்தக் கூழாங்கல் பாறையின் சிவப்பையும் சிலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். இரண்டிலும் இரும்புதான் நிறம் தருகிறது. ஆனால் செம்புராங்கல் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து நிலத்தின் மேற்பரப்பிலேயே உருவாவது. அதைப் பிளவுப் படுகையின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இது வெறும் பழங்கதை என்று வாசகர் யாரேனும் எண்ணினால், மீஞ்சூர்த் தண்ணீரைச் சான்றாக வைப்பேன். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில்தான் அங்கே நிலத்தடி நீர் பெருமளவு இருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்ததால் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடல் உள்ளே ஏறிவருகிறது. அப்படி ஏறும் உப்புநீர் வெறுமனே கலப்பதில்லை. கடல்நீரின் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்கிறது. தள்ளப்பட்ட கால்சியம் நீருக்கு வந்து கடினத்தன்மையை ஏற்றுகிறது. உப்புக் கரிப்பதோடு சோப்பும் நுரைக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபடி நல்ல நீர் பாய்ந்தாலும் களிமண் அந்தச் சோடியத்தை உடனே விட்டுவிடாது, கொஞ்சங்கொஞ்சமாகவே விடும். கோடி ஆண்டுகளாகப் படிவுகளுக்குள் நீரும் கனிமமும் நடத்திவந்த அதே கொடுக்கல் வாங்கல்தான் ஒரு தலைமுறைக் காலத்தில் எங்கள் குடத்துக்குள் வந்து நிற்கிறது.

ஆகவே தங்களிடமும், தங்கள் வழியாகப் பாடநூல் எழுதுவோரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். படிவுப் பாறையைச் சொல்லும்போது படிதல், இறுகுதல் என்பதோடு நிறுத்தாமல், ஊடே ஓடும் நீர் கனிமங்களைக் கரைத்தும் படியவைத்தும் மணிகளைப் பிணைக்கிறது என்ற ஒரு வாக்கியத்தையாவது சேர்க்க வேண்டும். அடுத்தது, வடசென்னையில் நாள்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் போர்வெல் போடுகிறார்கள். பத்தடிக்கு ஒருமுறை வெளிவரும் மண்ணின் நிறமும் தன்மையும் மாறுவதை லாரிக்காரர் பார்க்கிறார், வீட்டுக்காரர் பார்க்கிறார். பிறகு அதெல்லாம் சாக்கடை ஓரத்தில் கொட்டப்படுகிறது. ஆழத்தை எழுதி ஒட்டிய பத்துச் சிறு பாட்டில்களில் அந்த மண்ணை எடுத்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தால் செலவு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் ஒவ்வொரு பள்ளியிலும் தன் தெருவின் அடிநிலம் ஓர் அலமாரியில் இருக்கும்.

மூன்றாவதைச் சற்று வருத்தத்தோடு சொல்கிறேன். ஊத்துக்கோட்டைச் சாலையை ஒட்டி, கூழாங்கல் அடுக்கும் அதன்மேல் மணற்பாறையும் மிகத் தெளிவாகத் தெரிந்த ஒரு வெட்டுமுகத்துக்கு நான் 12 ஆண்டுகள் மாணவர்களை அழைத்துப் போனேன். கடைசியாகப் போனபோது அது இல்லை. சாலைக்கும் மனைக்கும் நிரப்பக் கிராவல் மண்ணாக அள்ளப்பட்டிருந்தது. அள்ளியவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மண் எடுப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, வீடு கட்டுவோருக்கு மண் வேண்டும். பத்தடி உயரத்துக்கு ஒரே ஒரு முகத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, அதன் முன் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். காரைக்கும் சாத்தனூருக்கும் திருவக்கரைக்கும் புவியியல் நினைவுச்சின்னம் என்ற மதிப்பு கிடைத்திருக்கும்போது, தலைநகரின் வாசலில் இருக்கும் இந்தப் பாறைக்கு ஒரு பலகையாவது கிடைக்கட்டும். பலகைக்கு வேண்டிய வாசகங்களை எழுதித் தரவும், பள்ளிகளுக்குக் கல் மாதிரிகளை அடையாளம் சொல்லித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.